முதல் குரோனோகிராஃப்: குண்டின் வேகத்தை அளக்க நம்பகமான கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தோட்டாப் பெட்டியிலேயே குண்டின் வேகத்தை அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அது தயாரிப்பாளரின் சோதனைக் குழலில் கிடைத்த வேகம். உங்கள் குழல் அதைவிடக் குட்டையாக இருக்கலாம், உள்விட்டம் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், அன்றைய வெப்பநிலையும் வேறாக இருந்திருக்கும். உங்கள் துப்பாக்கியில் என்ன வேகம் வருகிறது என்று தெரிய வேண்டுமானால் நீங்களே அளந்து பார்க்க வேண்டியதுதான். அதற்கான கருவி குரோனோகிராஃப்.

ஒளியை வைத்து அளப்பது, காந்தப்புலத்தை வைத்து அளப்பது, ரேடார் என்று மூன்று வகைகள் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் எடுத்ததும் கேட்பது "எது ரொம்பத் துல்லியம்?" என்றுதான். நான் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: கருவி தப்பாகக் காட்டினால், அது தப்பு என்று என்னால் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடிக்க முடிந்தால்தான் அது நம்பகமான கருவி. எல்லாக் கருவியும் ஏதாவது ஒரு சூழலில் தப்பும். தப்பியது தெரியாமல் அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பதுதான் ஆபத்து.

முதலில், எதற்காக அளக்கிறீர்கள்?

இதைத் தெளிவாக்கிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு தேவைக்கும் வேண்டிய துல்லியம் வேறு.

ஸ்பிரிங் ஏர் ரைபிள் (ஸ்பிரிங் அழுத்தும் காற்றால் குண்டைத் தள்ளும் துப்பாக்கி) வைத்திருக்கிறீர்கள், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா, சீல் தேய்ந்துவிட்டதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் எந்தச் சாதாரணக் கருவியும் போதும். போன வருடம் காட்டியதையும் இந்த வருடம் காட்டுவதையும் ஒப்பிடப் போகிறீர்கள். கருவி எப்போதும் ஒரே அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ காட்டினால்கூடப் பரவாயில்லை.

சட்ட வரம்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர் ரைபிள் என்றால் கதை மாறுகிறது. பிரிட்டனில் (ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து நீங்கலாக) உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல். ஜெர்மனியில் 7.5 ஜூல். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் வேகத்தில் 1 சதவீதம் பிழை இருந்தால் ஆற்றலில் 2 சதவீதம் பிழை வரும். 0.53 கிராம் பெல்லட்டை (ஏர் ரைபிளில் போடும் சிறு குண்டு) எடுத்துக்கொள்ளுங்கள். கருவி நொடிக்கு 245 மீட்டர் என்று காட்டினால் ஆற்றல் 15.9 ஜூல், வரம்புக்குள் இருக்கிறது. அதே கருவி 1.5 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தால் உண்மை வேகம் கிட்டத்தட்ட 248.7. ஆற்றல் 16.4 ஜூல், பிரிட்டன் வரம்பைத் தாண்டியாயிற்று. திரையில் தெரியும் எண் மட்டும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

போட்டியில் சுடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) கைத்துப்பாக்கிப் போட்டிகளில் குண்டின் எடையை கிரெய்ன் என்ற அலகிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுப்பார்கள். வரும் எண் 'மைனர்' பிரிவுக்குக் குறைந்தது 125 இருக்க வேண்டும். 124 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1010 அடி போனால் 125.2 வருகிறது, பிழைத்தோம். போட்டி நடத்துபவர்களின் கருவி உங்களுடையதைவிட அரை சதவீதம் குறைத்துக் காட்டினால் 124.6. அதற்கப்புறம் நீங்கள் சுடலாம், ஆனால் புள்ளி கிடையாது. அதனால்தான் அனுபவசாலிகள் 130-ஐ ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இடைவெளியை விடத்தான் வேண்டும்.

தொலைதூரம் சுடுபவர்களுக்குத் தேவை இன்னும் கடுமையானது. நொடிக்கு 790 மீட்டரில் கிளம்பும் .308 ரகக் குண்டுக்கு வேகத்தை 10 மீட்டர் பிசகாகக் கணக்கில் கொடுத்தால், 900 மீட்டர் தாண்டிய இலக்கில் கால் மீட்டருக்கும் மேல் ஏறியோ இறங்கியோ விழும். 100 மீட்டரில் அதே பிசகு கண்ணுக்கே தெரியாது.

கடைசியாக, தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள். இவர்களுக்குச் சராசரி வேகத்தைவிட ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம். மலிவான கருவிகள் பெரும்பாலும் ஏமாற்றுவதும் இந்த இடத்தில்தான். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒளி வகை: பழசு, மலிவு, கொஞ்சம் அடம்பிடிக்கும்

தெரிந்த தூரத்தில் இரண்டு வாசல். குண்டு முதல் வாசலைத் தாண்டும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். 1860-களில் பெல்ஜியத்தின் லெ பூலான்ஷே செய்த கருவியில் இந்த வாசல்கள் குண்டு அறுத்துக்கொண்டு போகும் கம்பிச் சட்டங்களாக இருந்தன. இன்றைய ஒளி வகையில் கம்பிக்குப் பதில் மேல்நோக்கிப் பார்க்கும் சென்சார். வானமோ, வெள்ளை பிளாஸ்டிக் மறைப்போ பின்னணியாக இருக்க, குண்டின் நிழல் சென்சாரைத் தாண்டும்போது வெளிச்சம் ஒரு கணம் குறைகிறது. ப்ரோகுரோனோ, கால்டுவெல் போன்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் இந்த ரகம்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது இரண்டு சென்சாருக்கும் இடையிலுள்ள தூரம். பல கருவிகளில் இது சுமார் ஓர் அடி, அதாவது 305 மி.மீ. நொடிக்கு 900 மீட்டரில் போகும் குண்டு அதைத் தாண்ட எடுக்கும் நேரம் 339 மைக்ரோ நொடி. ஒரு சென்சார் குண்டின் மூக்கைப் பார்த்தும் மற்றது சற்றே பின்னால் உடலைப் பார்த்தும் விழித்துக்கொண்டால், அந்த 3 மி.மீ. வித்தியாசமே 1 சதவீதப் பிழை. அதாவது நொடிக்கு 9 மீட்டர். சென்சார்களை 1.2 மீட்டர் தள்ளி வைத்தால் அதே 3 மி.மீ. கால் சதவீதமாகச் சுருங்கிவிடும். இடைவெளி கூடக் கூட நல்லது என்று சொல்வது இதனால்தான். மடக்கிப் பைக்குள் வைக்கும் வசதிக்காகக் குட்டையான மாடலை எடுப்பவர்கள் இந்த விலையைக் கொடுக்கிறார்கள்.

இந்த வகையிலேயே எனக்கு மிகவும் மரியாதையுள்ள கருவி ஓலர் 35பி. அதில் இரண்டுக்குப் பதில் மூன்று சென்சார்கள். ஒவ்வொரு குண்டையும் இரண்டு தடவை அளந்து, இரண்டு விடையும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவைச் சந்தேகப்படும்படி குறித்துக் காட்டும். தப்பும்போது தானே கைதூக்கிச் சொல்லும் கருவி என்று நான் தேடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஒளி வகையின் பெரிய எதிரி வெளிச்சம்தான். சீராக மேகம் மூடிய வானம் இதற்கு உத்தமம். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது வெயில் குண்டின் அடிவயிற்றில் பட்டுப் பளபளக்கும். இருட்டை எதிர்பார்க்கும் சென்சார் அங்கே குழம்பிவிடும். ஈரத் தரையிலிருந்து எழும்பும் ஒளியும் இதையே செய்யும். குண்டின் பக்கத்தில் கறுப்பு மார்க்கரைத் தடவிக்கொள்வது பழைய கைவைத்தியம், பல சமயம் வேலை செய்யவும் செய்கிறது. கூரைக்குள் இருக்கும் ரேஞ்சில் (சுடுதளத்தில்) குழல்விளக்குகள் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் சென்சாருக்குத் தெரியும். உள்ளரங்கில்தான் சுடப்போகிறீர்கள் என்றால் அகச்சிவப்பு விளக்குகளோடு வரும் மாடலைத் தேடுங்கள், இல்லாவிட்டால் இந்த வகையையே விட்டுவிடுங்கள்.

ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் மணிகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி), பெல்லட் துப்பாக்கிகளுக்கென்று உள்ளங்கை அளவில் குழாய்போல ஒரு கருவி வருகிறது. குழாய்க்குள்ளேயே அகச்சிவப்பு வாசல்கள் இருப்பதால் வெளி வெளிச்சம் பற்றிக் கவலையில்லை. அந்த வேலைக்கு நல்ல கருவிதான். ஆனால் வெடிமருந்தில் இயங்கும் எந்தத் துப்பாக்கியையும் அதற்குள் சுடக்கூடாது.

காந்த வகை: குழலிலேயே கட்டிக்கொள்வது

மேக்னெட்டோஸ்பீட் இந்த வகையில் தெரிந்த பெயர். கத்திபோல நீண்ட ஒரு பட்டையைக் குழல்முனைக்கு அடியில் கட்டிவிடுவார்கள். குண்டு அதன்மேல் பறக்கும்போது உள்ளேயுள்ள சென்சார்கள் காந்தப்புல மாற்றத்தைப் பிடிக்கின்றன. வெளிச்சம் பற்றிய கவலையே இல்லை. நள்ளிரவில்கூட அளக்கலாம். ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் வைக்க வேண்டியதில்லை, ஆகவே மற்றவர்கள் சுடுவதை நிறுத்தும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

குறை என்னவென்றால், குழல் நுனியில் எடை தொங்குகிறது. சுடும்போது குழல் அதிரும் விதம் மாறி, குண்டு விழும் இடமும் மாறும். வேகம் சரியாகத்தான் வரும். ஆனால் அதே சமயத்தில் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்தால் அந்தக் கணிப்பை நம்ப முடியாது. இரண்டு வேலைக்கும் இருமடங்கு தோட்டா செலவாகும். சுடும்போது மேல்பாகமான ஸ்லைடு பின்னால் நகரும் கைத்துப்பாக்கிகளில் குழலில் இதைக் கட்டவும் இடமில்லை. பிளாஸ்டிக் குண்டை இது பார்க்காது. குழலின் தடிமனுக்குப் பட்டை எட்டுமா என்று வாங்கும் முன்பே அளந்து பார்த்துவிடுங்கள். மாடலுக்கு மாடல் இது வேறுபடும்.

கட்டும்போது அவசரம் கூடாது. அதோடு வரும் இடைவெளிக் கட்டையை வைத்து, பட்டை குண்டின் பாதைக்குக் கீழே, இணையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் குண்டு பட்டையையே உடைத்துக்கொண்டு போகும்.

ரேடார் வகை: இன்று பெரும்பாலோர் போய்ச் சேரும் இடம்

ரேடாருக்கு வாசல் கிடையாது. கருவி வானொலி அலையை அனுப்புகிறது, ஓடும் குண்டின் பின்பக்கத்தில் பட்டு அலை திரும்பும்போது அதிர்வெண் மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணக்காகிறது. 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு அலைநீளம் 12.5 மி.மீ. நொடிக்கு 800 மீட்டரில் ஓடும் குண்டு கிட்டத்தட்ட 1,28,000 ஹெர்ட்ஸ் மாற்றத்தை உண்டாக்கும். அலைநீளத்தை மின்னணுச் சுற்று மிக நுட்பமாகப் பிடித்து வைத்திருப்பதால், ஒளி வகையில் பார்த்த மி.மீ. கணக்குப் பிழைகள் இங்கே எழுவதில்லை.

லாப்ரேடார்தான் தனிநபர்களிடையே இதைப் பரப்பியது. ஆரஞ்சு நிறத்தில், தடித்த புத்தகம்போல் பெரிதாக இருக்கும். குண்டு போகப் போக வெவ்வேறு தூரங்களில் வேகத்தைப் பதிந்துகொள்ளும். 2023-இல் வந்த கார்மின் ஸீரோ சி1 ப்ரோ சட்டைப் பையில் அடங்கிவிட்டது. அதற்கப்புறம் ஆத்லான், கால்டுவெல் போன்றவர்களும் சிறிய ரேடார்களைக் கொண்டுவந்தார்கள். முன்னால் எதுவும் வைக்க வேண்டாம், குண்டு எதையும் உடைக்காது, குழலில் எடை இல்லை. எங்கே, எந்த வெளிச்சத்தில் சுடுவோம் என்று நிச்சயமில்லாத புதியவருக்கு, வசதி இருந்தால் ரேடாரையே வாங்கச் சொல்வேன்.

ஆனாலும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். ரேடார் எப்போது கண்விழிக்கிறது? சில மாடல்கள் வெடிச் சத்தத்தை மைக்கில் கேட்டு விழிக்கும். சைலன்சர் மாட்டிய துப்பாக்கி, ஏர் ரைபிள், மெல்லிய .22 போன்றவற்றில் சத்தம் போதாமல் போகலாம். பக்கத்து மேசையில் சுடுபவரின் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளலாம். ரேடாரே குண்டைப் பார்த்து விழிக்கும் மாடலில் இந்தத் தொல்லை குறைவு. அடுத்து, நீங்கள் சுடும் மிகச் சிறிய குண்டை அது பார்க்குமா? 4.5 மி.மீ. பெல்லட் மிகக் குறைந்த அலையைத்தான் திருப்பி அனுப்பும். குறைந்தபட்ச வேகமும் ஏர் கன்னுக்கான தனி அமைப்பும் விவரக் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அம்பு எய்பவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். "கருவியை இலக்கை நோக்கி மில்லிமீட்டர் சுத்தமாகக் குறிவைக்காவிட்டால் வேகம் தப்பாகுமா?" என்று பலரும் கவலைப்படுகிறார்கள். ஆகாது. கருவியின் முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் குண்டைத் தவறவிடும், அவ்வளவுதான். பிடித்துவிட்டால் வேகம் மாறாது. குழலிலிருந்து 30 செ.மீ. பக்கவாட்டில் வைத்திருந்தாலும், குண்டு 10 மீட்டர் போனதும் கோணம் 2 பாகைக்கும் குறைவு. அதனால் வரும் பிழை ஒரு சதவீதத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் சதவீதம்

ரேடார்களில் 0.1 சதவீதம் என்றும், ஒளி வகையில் 0.5 சதவீதம் என்றும் எழுதியிருப்பார்கள். நொடிக்கு 800 மீட்டரில் முதலாவது 0.8 மீட்டர், இரண்டாவது 4 மீட்டர். ஒப்பிடுவதற்கு இந்த எண் உதவும். ஆனால் எல்லாம் சரியாக அமைந்த நாளில் கிடைப்பதைத்தான் அது சொல்கிறது.

பிழையில் இரண்டு வகை உண்டு என்பதைப் புரிந்துகொண்டால் விவரக் குறிப்பைப் படிப்பது சுலபமாகிவிடும். எல்லாக் குண்டையும் ஒரே அளவு கூட்டிக் காட்டுவது ஒன்று. சென்சார் இடைவெளி 1 மி.மீ. மாறியிருந்தால் இப்படி வரும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு விதமாகத் தள்ளாடுவது இன்னொன்று. முதல் வகையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது வகை உங்கள் தோட்டாவின் தள்ளாட்டத்தோடு சேர்ந்துகொள்ளும், பிரித்தெடுக்க வழியில்லை. தோட்டாவின் உண்மையான திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) நொடிக்கு 3 மீட்டர், கருவியின் தள்ளாட்டமும் 3 மீட்டர் என்றால், திரையில் 4.2 மீட்டர் தெரியும். நன்றாகச் செய்த தோட்டாவைச் சுமார் என்று நினைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தானே தோட்டா நிரப்புபவருக்கு மலிவான ஒளிக் கருவியை நான் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

மற்றபடி திரை வெயிலில் தெளிவாகத் தெரியுமா, பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா, மீட்டரிலும் அடியிலும் காட்டுமா, சந்தேகமான ஓர் அளவை மட்டும் அழிக்க முடியுமா என்பவை. பேட்டரியையும் பாருங்கள். பல ஒளிக் கருவிகள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. சார்ஜ் குறைந்தால் நேராகச் சொல்லாமல் விசித்திரமான எண்களைக் காட்டத் தொடங்கலாம். புது பேட்டரி ஒன்று எப்போதும் கூடவே இருக்கட்டும். கைபேசி செயலி இல்லாமல் இயங்கவே இயங்காத கருவி என்றால் நான் தயங்குவேன். செயலி வேண்டும், ஆனால் அது இல்லாமலும் அளக்க முடிய வேண்டும்.

பழைய ஒளிக் கருவியை யாரிடமிருந்தாவது வாங்கினால், சென்சார் மூடிகளில் கீறலும் தண்டில் வளைவும் இருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை குண்டடி பட்டவை சந்தைக்கு வருவதுண்டு. இடைவெளியை உங்கள் அளவுகோலால் அளந்து, கையேட்டில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். பழைய ரேடாரில் மென்பொருள் இன்னும் புதுப்பிக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

முதல் நாள் ரேஞ்சில்

குண்டு நிரப்பாத துப்பாக்கியோடு தொடங்குங்கள். எல்லாரும் சுடுவதை நிறுத்தி, ரேஞ்ச் பாதுகாப்பு என்று அறிவித்த பிறகே சுடும் கோட்டுக்கு முன்னால் போக வேண்டும். இது எந்த வகைக் கருவிக்கும் பொருந்தும்.

ஒளி வகையைக் குழல்முனையிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி வையுங்கள். அதைவிடப் பக்கத்தில் வைத்தால் முனையிலிருந்து சீறும் வாயுவும் எரியாத மருந்துத் துகளும் குண்டுக்கு முன்பே சென்சாரைத் தட்டிவிடும். அதிவேக ரைபிளில் சுட்டு, திரையில் திடீரென்று 340-ஐ ஒட்டி ஓர் எண் வந்தால், கருவி குண்டை விட்டுவிட்டுச் சத்தத்தின் வேகத்தை அளந்திருக்கிறது என்று பொருள். இன்னும் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஏர் ரைபிளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, ஒரு மீட்டர் போதும்.

இனி, அதிகக் கருவிகளைக் கொன்ற ஒரு விஷயம். ஸ்கோப் குழலுக்கு 4, 5 செ.மீ. மேலே உட்கார்ந்திருக்கிறது. ஸ்கோப்பில் பார்க்கும்போது கருவியின் மேல் விளிம்புக்கு மேலே வழி நன்றாகத் திறந்திருப்பதாகத் தெரியும். ஆனால் குண்டு புறப்படுவது அந்தப் பார்வைக்கோட்டுக்கு 5 செ.மீ. கீழே. 3 மீட்டருக்குள் அது மேலேறி வந்துவிடாது. நேராகக் கருவியின் நெற்றியில் போய் இறங்கும். போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் பாகம்) கழற்றி, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள்ளேயே பார்த்து, குழல் காட்டும் வழி சென்சார்களுக்கு மேலே கையேடு சொல்லும் உயரத்தில் போகிறதா என்று உறுதிசெய்யுங்கள். போல்ட்டைக் கழற்ற முடியாத துப்பாக்கியில், ஸ்கோப் உயரத்தை அளந்து அந்த அளவுக்கு மேலே குறிவைத்துப் பழகுங்கள். மறைப்பைத் தாங்கும் கம்பிகள் உலோகமாக இருந்தால் மரக்குச்சியாக மாற்றிவிடுங்கள். குண்டு பட்டால் குச்சியோடு போகும், சென்சார் தப்பிக்கும்.

ரேடாரைக் குழல்முனைக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் வைக்க வேண்டும். மஸில் பிரேக் (உதைப்பைக் குறைக்கக் குழல்முனையில் மாட்டும் பாகம்) உள்ள துப்பாக்கி வாயுவைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால் கூடுதலாகத் தள்ளி வையுங்கள். மேசைத் தடுப்புச் சுவர் ரேடாரின் பார்வையை மறைக்கக்கூடாது. இலக்கை நோக்கிப் பார்த்துவிட்டு, துப்பாக்கி வகையையும் வேக வரம்பையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை: தோட்டாவின் பெயர், தொகுதி எண், வெப்பநிலை, குழல் சுத்தமாக இருந்ததா, கருவி எவ்வளவு தள்ளி இருந்தது. கடைசியை மறந்துவிடாதீர்கள். ஒளிக் கருவி காட்டுவது முனை வேகம் கிடையாது, கருவி இருக்கும் இடத்திலுள்ள வேகம். பெரும்பாலான ரைபிள் குண்டுகள் ஒரு மீட்டருக்குச் சுமார் ஒரு மீ/வி அல்லது அதற்கும் குறைவாகத்தான் இழக்கும். இலேசான பெல்லட் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு வரை இழக்கும். ரேடார் இதைத் தானே கணக்கிட்டு முனை வேகத்தைக் காட்டும். ஒரே துப்பாக்கிக்கு இரண்டு கருவிகள் வேறு வேறு எண் காட்டினால், சண்டை போடும் முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

கருவியைச் சோதிப்பது

யாரிடமாவது இன்னொரு குரோனோகிராஃப் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் வையுங்கள். ரேடார் பக்கத்தில், ஒளிக் கருவி முன்னால் என்று வைத்தால் ஒரே குண்டை இரண்டும் பார்க்கும். இரண்டும் ஒளி வகை என்றால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, பாதித் தோட்டா சுட்டபின் இடம் மாற்றுங்கள். ஒரு குண்டுக்கு மட்டும் பெரிய வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு கருவி தவறவிட்டது. எல்லாக் குண்டுக்கும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் அதுதான் நிலையான பிழை, குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கடன் வாங்க ஆள் இல்லாதவர்கள், வேகம் அதிகம் மாறாத போட்டி தர .22 தோட்டாவோ நல்ல பெல்லட்டோ ஒரு தொகுதியை ஒதுக்கி வையுங்கள். வேறு எதற்கும் அதைச் சுட வேண்டாம். ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் முதலில் அதில் பத்து சுட்டுப் பாருங்கள். வெப்பநிலை ஒத்திருந்தும் சராசரி நகர்ந்திருந்தால், அன்றைக்கு வேறு எதையும் அளக்கும் முன் வெளிச்சம், பேட்டரி, வைத்த இடம் மூன்றையும் பாருங்கள்.

பத்து என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து குண்டு சுட்டு, திட்ட விலக்கம் 5 என்று வந்தால் புதியவர்கள் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 95 சதவீத நம்பிக்கையோடு சொன்னால், ஐந்து குண்டில் வந்த 5-க்குப் பின்னால் உண்மை 3 முதல் 14 வரை எதுவாகவும் இருக்கலாம். பத்துக் குண்டில் அது 3.4 முதல் 9.1 வரை. முப்பதில் 4 முதல் 6.7 வரை. மிக வேகமான குண்டுக்கும் மிக மெதுவான குண்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஒரே தோட்டாவானாலும் அதிகமாகச் சுடச் சுட அந்த இடைவெளி விரியும். ஐந்து சுட்டவரையும் இருபது சுட்டவரையும் அந்த எண்ணால் ஒப்பிட முடியாது. சராசரி மட்டும் போதும் என்பவர்களுக்கு இவ்வளவு தோட்டா வேண்டியதில்லை, அது சீக்கிரமே நிலைப்பட்டுவிடும்.

பிடிக்காத எண்ணை அழிக்க வேண்டாம். கருவி தவறியதற்கு வேறொரு ஆதாரம், அதாவது சென்சார் எச்சரிக்கையோ 340-ஐ ஒட்டிய எண்ணோ இருந்தால் மட்டும் அழியுங்கள்.

தொலைதூரம் சுடுபவர்களுக்கு இலக்கே கடைசிச் சோதனை. அளந்த வேகத்தைக் கணக்கில் கொடுத்து, 600 மீட்டரிலும் 800 மீட்டரிலும் குண்டு எங்கே விழ வேண்டும் என்று பாருங்கள். காற்றில்லாத வேளையில் பல குண்டு சுட்டு, விழுந்த உயரத்தை ஒப்பிடுங்கள். இரண்டு தூரத்திலும் ஒரே பக்கமாக விலகி, தூரம் கூடக் கூட விலகலும் விகிதத்துக்கு மேல் வளர்ந்தால் முதலில் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். குண்டின் காற்றெதிர்ப்பு எண்ணைத் தப்பாகக் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் தெரியும் என்பதால், பாதி தூரத்திலும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். கிட்டத்திலேயே விலகல் தொடங்கிவிட்டால் வேகம். கிட்டத்தில் சரியாக விழுந்து தொலைவில் மட்டும் விலகினால் காற்றெதிர்ப்பு எண்.